அக்கா கனடாவில் இருந்த எட்டு மாதங்கள்

கார்மார்தன் பஸ் நிலையத்தில், மழையில் நனைந்திருந்த ஒரு இரும்பு இருக்கையை அத்தான் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்ன காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நிலையம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தெருவோரமாக நாலைந்து தரிப்பிடங்கள், கண்ணாடித் தடுப்புகள், ஒவ்வொரு ஊரின் பெயரையும் வெல்ஷ் மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை காட்டும் ஒரு பலகை. சித்திரை மாதம். ரொறன்ரோவின் குளிருக்குப் பழகிய எனக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை; ஆனால் ஈரம் எலும்புக்குள் போனது. அத்தான் துடைத்த கைக்குட்டையைப் பிழிந்து, நாலாக மடித்து, மேலங்கிப் பைக்குள் வைத்தார். அவர் உட்காரவில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். அக்கா இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அத்தானும் அக்காவும் வேல்ஸுக்குப் போனது யாரும் திட்டமிட்ட விஷயம் அல்ல. லண்டனில் அகதியாகப் பதிந்திருந்த அத்தானுக்கு கார்மார்தனில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் பார்ப்போம் என்று போனவர்கள் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். அத்தான் மூன்று தடவை கார் ஓட்டும் பரீட்சையில் தவறி, நாலாவது தடவை போகாமல் விட்டார். அக்கா முயற்சி செய்யவே இல்லை. அதனால் அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் பஸ்ஸிலேயே நடந்தது. அறுபது வயதானதும் அந்த நாட்டில் பஸ்ஸில் இலவசமாகப் போக அட்டை கொடுக்கிறார்கள். இருவரும் வேலையை விட்ட பிறகு, திங்கள் முதல் சனி வரை ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். லான்டைலோ, லாம்பீற்றர், அபெரைரன், கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித் என்று ஏதாவது ஓர் ஊர். அங்கே ஒரு தேநீர், கொண்டுபோன பாணும் சம்பலும், பிறகு அடுத்த பஸ்ஸில் வீடு.

இதையெல்லாம் நான் நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் கேட்டதுதான். அப்போதும் இப்போதும் நான் ரொறன்ரோவின் ஓரத்தில், மில்லிக்கனில் இருக்கிறேன். வேலை மிசிசாகாவில், விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் ஒரு சமையற்கூடத்தில். விடியுமுன் காரை எடுத்து 401 நெடுஞ்சாலையில் ஏறினால் ஆறு மணி வேலைக்குச் சரியாக இருக்கும். அந்த நேரம் அக்காவுக்குப் பத்து மணி. அவள் பஸ்ஸிலிருந்து தொலைபேசி எடுப்பாள். "எடியே, காருக்கையோ? நான் பஸ்ஸுக்கை. உவர் பக்கத்திலை இருக்கிறார், கதைக்க மாட்டாராம்" என்று தொடங்குவாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் இயந்திரத்தின் உறுமலும், யாரோ சிரிப்பதும், யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கும். என்னைச் சுற்றி நாலு வரிசைகளில் சிவப்பு விளக்குகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு காரிலும் ஒரு ஆள். சில நாட்களில் அவளுடைய சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது என்பதை இப்போது சொல்லலாம்.

அத்தான் கதைக்காத மனிதர். ஆட்களைப் பிடிக்காததால் அல்ல. என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் கதை வேறு இடத்துக்குப் போய்விடும். அக்கா அவருக்கும் சேர்த்துக் கதைத்தாள். பஸ் சாரதிகள், சந்தைக்குப் போகும் கிழவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. அதிலும் ஒரு பெண்மணியைப் பற்றி நிறையச் சொல்வாள். எழுபத்தைந்து வயதிருக்கும், விதவை, லாம்பீற்றருக்கு முன்னால் ஒரு சின்னக் கிராமத்தில் ஏறுகிறவர், எப்போதும் கையில் பின்னல் ஊசி. அக்கா அவரை "என்ர பஸ் சிநேகிதி" என்பாள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. தொலைபேசி இலக்கம் கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. பஸ் வரும் நேரம் தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

ஆவணி மாதம், என் மகளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்த கிழமையில், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அத்தானுடைய தம்பிமார் லண்டனில் இருந்தபடியால் அங்கேதான் தகனம் செய்தார்கள். என்னால் போக முடியவில்லை. மகள் விட்பியில் இருந்தாள். பிரசவம் சிக்கலாகி அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் கார் தரிப்பிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் என் அக்காவின் பெட்டி ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்து போவதைப் பார்த்தேன். படம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது திரைச்சீலை மூடியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன். பின்னேரம் பேரன் பிறந்தான்.

எட்டு மாதம் கழித்து மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு போனபோது என் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. அத்தானை ரொறன்ரோவுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். தனியாக ஒரு மனிதர், கதைக்கவும் தெரியாதவர், எங்கள் ஆட்கள் இல்லாத ஊரில் என்ன செய்யப்போகிறார்? வந்த மறுநாளே அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, "நாளைக்குப் பஸ்ஸிலை போவம் பிள்ளை. ஒன்பதே முக்காலுக்கு வெளிக்கிட வேணும்" என்றார்.

அந்த முதல் நாள், ஈர இருக்கைக் காலையில், பஸ் ஊரைத் தாண்டி வேலிச் செடிகள் கண்ணாடியில் உரசும் ஒடுங்கிய பாதையில் போய்க்கொண்டிருந்தது. மலைச்சரிவெங்கும் குட்டிகளோடு ஆடுகள். நாங்கள் சாரதிக்குப் பின்னால் இருந்தோம். ஒரு கிராமத்தில், கம்பளித் தொப்பியும், பின்னல் ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்த சக்கரம் வைத்த சந்தைப் பையுமாக ஒரு மூதாட்டி ஏறினார்; அக்காவின் பஸ் சிநேகிதி. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து, நீ தங்கைதானே, அதே நெற்றி, அதே சிரிப்பு என்றார். ஆம் என்றேன். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்தபடி கேட்டது வேறு. "நீ இங்கே வந்துவிட்டால் அவள் அங்கே யாருடன் இருக்கிறாள்? குழந்தையைப் பார்ப்பது அவள்தானா? எங்களையெல்லாம் மறந்துவிட்டாளா?"

எனக்கு விளங்கவில்லை. அத்தானைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதின் நுனி சிவந்திருந்தது. மடியில் இருந்த கைகளில் ஒன்று மற்றதை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான், அக்கா இறந்ததை அவர் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை என்று விளங்கியது. என் வாய் தானாகப் பதில் சொன்னது. "சுகமாக இருக்கிறாள். குழந்தை அவளை விட்டு நகர மாட்டேன் என்கிறது."

அன்று பின்னேரம் வீட்டில் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேறு பஸ், வேறு ஊர். சாரதி ஒருவர் கனடாவில் பனி கரைந்துவிட்டதா என்று கேட்டார். சந்தையில் முட்டை விற்பவர் அக்காவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் பயந்து பயந்து ஒரு சொல், இரண்டு சொல். பிறகு, எப்படி என்று தெரியாது, தாராளமாகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அக்காவுக்கு என் வீட்டு மேல்மாடியில் வீதியைப் பார்த்த அறையைக் கொடுத்திருக்கிறேன் என்றேன். காலையில் ஸ்டீல்ஸ் வீதியிலிருக்கும் பிளாசாவுக்கு நடந்துபோய்க் கீரை வாங்கி வருகிறாள், பனியில் நடக்கப் பழகிவிட்டாள், சனிக்கிழமைகளில் விட்பிக்குக் கூட்டிப்போகிறேன், காரில் போகும்போது வாய் மூடுவதே இல்லை என்றேன். சிநேகிதி பின்னல் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார். அத்தானும் கேட்பார். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியபடி, ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடாமல். நான் நிறுத்தினால் அவருடைய தலை சற்று என் பக்கம் திரும்பும்.

உண்மை என்னவென்றால், அக்கா என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வரட்டுமா என்று நாலு தடவை கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொன்னேன். வேலை நேரம் மாறுகிறது, அந்த அறை முழுக்கப் பெட்டி, அடுத்த கோடைக்குப் பார்ப்போம். கணவரும் நானும் பிரிந்த பிறகு வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவள் வந்தால் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். சமைக்காத அடுப்பு, ஒரே ஒரு கோப்பை காயும் தட்டு. கடைசித் தடவை அவள் கேட்கவில்லை, சொன்னாள். "உன்ர பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கிறதுக்கு நான் வருவன். நீ வேண்டாம் எண்டாலும் வருவன்." பஸ்ஸிலும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தாள். எட்டு மாதமாக அவள் என் வீட்டு மேல்மாடியில் இருப்பதாகக் கதை சொன்னபோது, அத்தானுக்காகத்தான் சொல்கிறேன் என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது கிழமையில் அப்படி நினைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ் ஓடாது. வீட்டுக்குள் அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தார். விரிப்பைத் தட்டினார்; சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தார்; ஒன்பதே முக்காலுக்கு வாசலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தார். தேநீரை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அத்தான், ஏன் இப்பிடிச் சொன்னீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். தேநீர் ஆறிப்போனது. "லண்டனாலை வந்து ஒரு கிழமை வீட்டுக்கை இருந்தன். பிறகு பஸ்ஸிலை ஏறினன். அந்த மனிசி கேட்டுது, கனடாவுக்குப் போட்டாவோ எண்டு. நான் ஓம் எண்டன். அவ்வளவுதான் பிள்ளை. ஒரு ஓம்."

"அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே."

"அடுத்த நாளும் கேட்டவை. சுகமா இருக்கிறாவோ, என்ன சாப்பிடுறா, குளிருக்கு என்ன செய்யிறா எண்டு. வீட்டிலை ஒருத்தரும் அவவைப் பற்றிக் கேக்கிறேல்லை. பஸ்ஸிலை கேக்கினம்."

நான் ஆறிய தேநீரை எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வேறு போட்டேன்.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை, சிநேகிதி எங்களோடு அபெரிஸ்ட்வித் வரை வந்தார். கடற்கரை நடைபாதையின் முடிவில் ஒரு இரும்புக் கம்பி வேலி இருக்கிறது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் அதுவரை நடந்துபோய்க் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்ப வேண்டுமாம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைப்பாளாம். சிநேகிதி அதை நடித்துக் காட்டினார். நானும் உதைத்தேன். காற்றில் உப்பு. வாங்கில் வந்து உட்கார்ந்ததும் அவர் சந்தைப் பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து என் மடியில் வைத்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. குழந்தைக்குப் பின்னுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விரித்துப் பார்த்தால் அக்காவின் அளவு. "அங்கே குளிர் அதிகம். அவளுக்குத் தோள் எப்போதும் குளிரும்" என்றார். பிறகு என் கைத்தொலைபேசியைக் காட்டினார். அங்கே இப்போது காலை எட்டு மணி, கணக்குப் பார்த்துவிட்டேன், எழுந்திருப்பாள். கூப்பிடு, சட்டையைக் காட்டுவோம் என்றார்.

என்னிடம் எட்டு மாதத்துக்குக் கதை இருந்தது. தூங்குகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லும் ஒரு பிள்ளையைப் போல நேராகப் பார்த்துச் சொன்னார். "அவள் இறந்துவிட்டாள். ஆவணியில். நான் பொய் சொன்னேன். இவள் எனக்காகச் சொன்னாள்."

சிநேகிதி அழவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் மடியிலிருந்த சட்டையை எடுத்து, கைகளை உள்ளே மடித்து, பைக்குள் வைத்தார். "எட்டு மாதம் நான் அவளுக்கு வணக்கம் சொல்லி அனுப்பினேன். நீ வாங்கிக்கொண்டாய்" என்று அத்தானிடம் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. தன் பையை இழுத்துக்கொண்டு தனியாக பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

திரும்பிப் போக எங்களுக்கும் அதே பஸ்தான். அது இரண்டு தட்டு பஸ். முழங்கால் வலிக்காரரான சிநேகிதி, பையைக் கீழே விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து மேல்தட்டுக்கு ஏறிப் போய்விட்டார். அத்தானும் நானும் கீழே இருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பஸ். வளைவுகளில் மேலே பலகை கிரீச்சிடும். அப்போதெல்லாம் அத்தான் கூரையைப் பார்ப்பார். சிநேகிதியின் கிராமம் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். சாரதிக்கு வெல்ஷில் நன்றி சொன்னார். எங்களைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஒன்பதே முக்காலுக்கு அத்தான் வெளிக்கிடவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் பஸ் இல்லை. திங்கட்கிழமை நான் விமானம் ஏற வேண்டும். லண்டன் போகும் பஸ்ஸுக்காக அதே நிலையத்தில் நின்றபோது கடைசியாகக் கேட்டேன்.

"வாங்கோ அத்தான். அங்கை கோயில் இருக்கு. தெருவுக்குத் தெரு எங்கட சனம் இருக்கு. தமிழிலை கதைக்கலாம். இஞ்சை இப்ப ஆர் இருக்கினம்?"

அவர் என் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸின் அடியில் வைத்துவிட்டு வந்தார். "அங்கை உம்மை விட்டா அவவைத் தெரிஞ்சவை ஆர் இருக்கினம், பிள்ளை?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். என் மகள் சின்ன வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வேறு ஒருவரும் இல்லை. பஸ் புறப்பட்டபோது அவர் கையசைக்கவில்லை. கையைப் பாதி உயர்த்தி, அப்படியே வைத்திருந்தார். அவர் பேச நினைத்ததெல்லாம் எப்போதும் அப்படித்தான் பாதியில் நிற்கும். அவரிடம் மிச்சமிருந்ததையும் நான் வந்து பறித்துவிட்டேன் என்ற எண்ணம் அத்திலாந்திக் கடல் முழுவதும் என்னோடு வந்தது.

பத்து நாள் கழித்து, நான் 401இல் ஏறும்போது தொலைபேசி அடித்தது. அத்தானுடைய இலக்கம். அவர் தானாக எனக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை. பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை, வீட்டிலிருந்து எடுத்திருந்தார். குரல் கரகரத்தது. சளி பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. கதைச்சுத் தொண்டை கட்டிப்போச்சு" என்றார்.

அதற்கு முந்தின நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். சிநேகிதி தன் கிராமத்தில் ஏறினார். இடம் நிறைய இருந்தும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். லாம்பீற்றர் வரும்வரை பின்னிக்கொண்டு வந்தார். பிறகு, "எந்த நாள்?" என்று மட்டும் கேட்டார். அத்தான் நாளைச் சொன்னார். என்ன வருத்தம், யார் பக்கத்தில் இருந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டாள், என்ன உடுத்தி அனுப்பினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடல் தெரியும்வரை அத்தான் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். யோசித்து முடிப்பதற்காக அவர் நிறுத்திய இடங்களில் அந்தப் பெண்மணி காத்திருந்தாராம். திரும்பி வரும்போது அவர் பேசினாராம், அக்காவைப் பற்றி, அத்தானுக்கே தெரியாத விஷயங்களை.

"அவவுக்குப் பின்னின சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்தவ. பெரிசுதான். கையை மடிச்சு விட்டிருக்கிறா" என்றார் அத்தான்.

அதிலிருந்து அவர் எனக்கு அடிக்கடி எடுப்பதில்லை. அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே என் நாட்கள் முன்பு போலவே இருக்கின்றன. கார், சமையற்கூடம், கார், வீடு. மகள் சனிக்கிழமைகளில் வரச் சொல்வாள். போனால் பேரன் கையில், அவள் கணினியில். வேலையிடத்தில் என்னோடு பன்னிரண்டு வருடம் நிற்கிறவர்களுக்கு எனக்கொரு அக்கா இருந்தது தெரியாது. மேல்மாடி அறையிலிருந்த பெட்டிகளை அகற்றி ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று மகள் கேட்டாள். சும்மா என்றேன்.

போன மாதம் கார் திருத்துமிடத்தில் நின்றுவிட்டது. விடுமுறை நாள், கடைக்குப் போக ஸ்டீல்ஸ் வீதியில் பஸ் எடுத்தேன். எல்லோரும் கைத்தொலைபேசிக்குள் குனிந்திருந்தார்கள். மூன்றாவது தரிப்பில் எங்கள் ஆட்களில் ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கோயில் பிரசாதப் பையோடு வந்து பக்கத்தில் இருந்தார். எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கேட்கும் வரிசையில் கேட்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

சொன்னேன்.

"எத்தினை சகோதரங்கள்?"

"ஒரு அக்கா" என்றேன். வேல்ஸில் அந்த மூன்று கிழமையும் அவளை நான் இருக்கிறாள் என்றே சொல்லி வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதனால் வேறு மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.

"இருந்தவ" என்றேன்.

"ஐயோ, பிள்ளை" என்று அவர் என் முழங்காலில் கையை வைத்தார். "எப்பிடிப்பட்டவ?"

நான் சொல்லத் தொடங்கினேன். நான் இறங்க வேண்டிய பிளாசா கண்ணாடிக்கு வெளியே வந்தது, கடந்து போனது.